மருந்துக்கு அஞ்சாத கிருமியும் நெருப்புக்கு அஞ்சும்

உவரிக் கடற்கரையில் ஆண்டு முழுவதும் மக்கள் கூட்டத்துக்குக் குறைவில்லை. வைகாசி விசாகத்துக்கும் அமாவாசை நாள்களுக்கும் சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கு வருவோர் பலர். செவ்வாய்க்கிழமைகளிலும் ஆண்டுத் திருவிழாவிலும் புனித அந்தோணியார் திருத்தலத்துக்கு வருவோரும் பலர். அவர்களை நம்பித் தள்ளுவண்டிகளும் தட்டுக்கடைகளும் வரிசை கட்டி நிற்கும். எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த வடை, சுண்டல், பொரித்த மீன், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று, நறுக்கிய தர்ப்பூசணி, நன்னாரி சர்பத், பருவத்தில் நுங்கும் பட்டையில் ஊற்றிய பதநீரும் அங்கே கிடைக்கும். பசியாறிக் களிப்போடு ஊர் திரும்புவோரே மிகுதி. சிலர் மட்டும் இரண்டொரு நாளில் வயிற்றுப்போக்கோடு எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறார்கள்.

வயிற்றுப்போக்கு பெரும்பாலும் தானே தணிந்துவிடும். இக்கட்டுரையில் நாங்கள் கூற வந்தது அதைப் பற்றியன்று. ஒரு நோயும் காட்டாமல், வலியும் காய்ச்சலும் இல்லாமல், உணவோடு உள்ளே வந்து தங்கிவிடும் ஒரு விருந்தாளியைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

ஒரு மகன் கேட்ட கேள்வி

உவரிக்கு அருகிலுள்ள கடற்கரை ஊரிலிருந்து அறுபது வயதைக் கடந்த ஒரு தாயாரை அழைத்து வந்தார்கள். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல்; இடுப்புக்கு மேலே வலி. சிறுநீரகத்தில் தொற்று என்று கண்டு, வழக்கமான ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்கினோம். இரண்டு நாளாகியும் காய்ச்சல் விடவில்லை. மூன்றாம் நாள் சிறுநீர் வளர்ப்புப் பரிசோதனையின் முடிவு வந்தது. கிருமியின் பெயர் ஈ. கோலை. நம் எல்லோருடைய குடலிலும் சாதாரணமாக வாழும் இனந்தான். ஆனால் மருந்துப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘ஆர்’ என்ற எழுத்து நின்றது. கிருமி அந்த மருந்துக்கு அடங்காது என்பது அதன் பொருள். ‘எஸ்’, அதாவது ‘அடங்கும்’ என்று குறிக்கப்பட்டவை நரம்பில் ஏற்றும் சில உயர்நிலை மருந்துகளே.

மருந்தை மாற்றினோம். அம்மையார் தேறினார். ஆனால் குறைவாக முடிந்திருக்க வேண்டிய செலவு பல மடங்காயிற்று; கடலுக்குப் போகாமல் மகன் இரண்டு வாரம் கட்டிலருகே இருக்க நேர்ந்தது. வீடு திரும்பும் நாளில் அவர் கேட்டார்: “எங்கம்மை இதுவரைக்கும் ஆஸ்பத்திரியில படுத்ததே இல்லையே, டாக்டரய்யா. பிறகு எப்படி இந்தக் கிருமி வந்துச்சு?”

நியாயமான கேள்வி. மருந்தெதிர்ப்புக் கிருமி என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவில் பிறந்து அங்கேயே உலவுவது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் பாதிதான் சரி. ஒருவருடைய கிருமி இன்ன நாளில் இன்ன உணவோடு வந்தது என்று எந்த மருத்துவராலும் சுட்டிக்காட்ட இயலாது. ஆனால் அது வரும் வழிகள் தெரிந்தவை. அவற்றுள் முக்கியமான ஒன்று நாம் உண்ணும் உணவும் அருந்தும் நீரும்.

கிருமி எவ்வாறு மருந்தை வெல்கிறது?

பாக்டீரியாக்கள் மிக விரைவாகப் பெருகுபவை. ஏற்ற வெப்பமும் ஈரமும் கிடைத்தால் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். அந்த வேகத்தில் ஒரே ஒரு கிருமி 7 மணி நேரத்தில் 20 இலட்சத்தைத் தாண்டிவிடும். இப்பெருக்கத்தின்போது சிலவற்றின் மரபணுவில் மாற்றம் நேர்கிறது. ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது மற்றவை மடிகின்றன. மருந்தைத் தாங்கும் ஆற்றல் பெற்றவை மட்டும் தப்பிப் பெருகுகின்றன.

இதைவிட வியப்பானது மற்றொன்று. தனக்குக் கிடைத்த ஆற்றலைக் கிருமி பிற கிருமிகளுக்கும் கொடுக்க வல்லது. கடலில் ஒரு வள்ளத்திலிருந்து அடுத்த வள்ளத்துக்குக் கயிறு எறிந்து பொருளைக் கைமாற்றுவது போல, ஒரு பாக்டீரியா நுண்ணிய இழையை நீட்டி அடுத்ததைப் பற்றிக்கொண்டு, எதிர்ப்பு மரபணுக்கள் அடங்கிய சிறு வளையத்தை அதற்கு வழங்குகிறது. இந்த வளையத்துக்குப் பிளாஸ்மிட் என்று பெயர். பெறுவது அதே இனமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆகவே, தீங்கற்ற ஒரு கிருமி உணவோடு வந்து, நம் குடலில் வாழும் வேறொரு கிருமிக்கு ஆயுதத்தைக் கொடுத்துவிட்டுப் போகக்கூடும்.

நம் பக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1972இல் கோழிக்கோட்டில் டைபாய்டு பரவியபோது, அந்நாளில் அந்நோய்க்குக் கைகண்ட மருந்தாயிருந்த குளோராம்பெனிகால் பலனளிக்கவில்லை. அந்த எதிர்ப்பாற்றல் கிருமிக்குக் கிருமி கைமாறத்தக்கது என்று கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அப்போதே மெய்ப்பித்தார்கள். அதன்பின் டைபாய்டுக்கான மருந்தை நாங்கள் மீண்டும் மீண்டும் மாற்ற வேண்டியதாயிற்று. சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது, அதுவும் பலனிழந்தது. இன்று செஃப்ட்ரையாக்சோன், அசித்ரோமைசின் ஆகியவற்றையே பெரிதும் சார்ந்திருக்கிறோம். டைபாய்டு பரவுவது அசுத்தமான உணவாலும் நீராலும் என்பதை நினைவிற்கொள்க.

உணவில் எவ்வாறு சேர்கிறது?

ஆன்டிபயாடிக் மருந்துகள் மனிதருக்கு மட்டும் கொடுக்கப்படுவதில்லை. கோழிப் பண்ணையிலும் மாட்டுத் தொழுவத்திலும் இறால் பண்ணையிலும் பயன்படுகின்றன. அங்கே தப்பிப் பிழைத்த கிருமிகள் எருவோடும் கழிவுநீரோடும் மண்ணுக்கும் நீர்நிலைக்கும் போகின்றன. அங்கிருந்து கீரைக்கும் கொத்தமல்லித் தழைக்கும் வெள்ளரிக்கும் வருகின்றன. இறைச்சி வெட்டிய பலகையிலிருந்து வெங்காயத்துக்கும், கழுவாத கையிலிருந்து தட்டுக்கும் தாவுகின்றன.

கோலிஸ்டின் என்ற மருந்து வேறெதுவும் கேளாதபோது நாங்கள் இறுதியாக எடுப்பது. சென்னையில் சேகரித்த இறைச்சி, மீன், காய், கனி உள்ளிட்ட 110 உணவு மாதிரிகளை மருத்துவர் அப்துல் கஃபூரும் அவருடன் பணியாற்றியோரும் ஆராய்ந்தார்கள். அவற்றுள் 51இல், அதாவது ஏறத்தாழ 46 விழுக்காட்டில், கோலிஸ்டினுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் இருந்தன. இவை சமைக்காத பொருள்கள். கடையில் வாங்கி வீட்டுக்கு வரும் பையிலும் இவை வரலாம் என்பதால், தெருவோரக் கடையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. 2019ஆம் ஆண்டு ஜூலையில் இந்திய அரசு உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டின் கொடுப்பதைத் தடைசெய்தது.

உணவோடும் நீரோடும் வரும் கிருமி உண்மையிலேயே குடலில் தங்குகிறதா? சுவீடனில் 100 பயணிகளை, அவர்கள் வெளிநாடு செல்வதற்கு முன்னும் பின்னும் பரிசோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். இந்தியாவுக்கு வந்து சென்ற 8 பேரில் 7 பேர், எங்கள் சிறுநீரக நோயாளியிடம் கண்டது போன்ற மருந்தெதிர்ப்பு ஈ. கோலையைக் குடலில் சுமந்துகொண்டு திரும்பியிருந்தார்கள். சில நாள் வந்து போனவர்களுக்கே இவ்வாறெனில், நாள்தோறும் இந்நீரையும் உணவையும் உட்கொள்ளும் நமக்குச் சொல்லவேண்டியதில்லை.

நெதர்லாந்தில் ஏறத்தாழ 2,000 பயணிகளிடம் நடந்த ஆய்வு மேலும் ஒன்றைக் காட்டியது. புதிதாக வந்து சேர்ந்த கிருமி பாதிப் பேரிடம் ஒரு மாதத்துக்குள் நீங்கிவிட்டது. 11 விழுக்காட்டினரிடம் ஓராண்டுக்குப் பின்னும் இருந்தது. வீட்டிலுள்ளோருக்கு அது பரவியதும் உண்டு. கிருமியைச் சுமந்தோர் எல்லோரும் நோயாளிகளல்லர். உடல் வலுவாயிருக்கும் வரை அது வாளாவிருக்கும். சர்க்கரை நோய், அறுவை சிகிச்சை, சிறுநீர்க் குழாய், புற்றுநோய் மருந்து என்று உடல் தளரும் வேளையில் தலைதூக்கும். அந்த மகனின் கேள்விக்கு விடை இதுவே.

நெருப்பின் வலிமை

இதுவரை படித்தவர்கள் கலங்கியிருக்கலாம். இனி நற்செய்தி. மருந்தை எதிர்க்கும் ஆற்றலுக்கும் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலுக்கும் தொடர்பில்லை. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத ஈ. கோலையும் கொதிநீரில் சாதாரண ஈ. கோலையைப் போலவே மடியும். உணவின் நடுப்பகுதி வரை 70 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால் அது பிழைப்பதில்லை. சோப்பும் நீரும் அதைக் கையிலிருந்து கழுவிவிடும். மருத்துவமனையில் தரும் ஆல்கஹால் கைத்தேய்ப்பானும் அதைக் கொல்லும். விலையுயர்ந்த ஊசி தோற்கும் இடத்தில் அடுப்பும் சோப்பும் வெல்கின்றன.

ஆகவே ‘தெருவோர உணவு நல்லதா கெட்டதா’ என்று கேட்பதைவிட, ‘இந்த உணவு அடுப்பிலிருந்து இறங்கி எவ்வளவு நேரமாயிற்று, அதன்பின் எதுவெல்லாம் அதைத் தொட்டது’ என்று கேட்பதே பொருத்தம்.

எண்ணெயிலிருந்து அப்போதே எடுத்த வடையில் எங்களுக்கு அச்சமில்லை. அதனருகே காலையில் அரைத்து நண்பகல் வரை வெயிலில் வைத்த தேங்காய்ச் சட்னியில்தான் அச்சம். அதன் தேங்காயும் தழையும் தண்ணீரும் அடுப்பைக் காணாதவை. ஆவி பறக்கும் இட்லி நல்லது. மேலே தூவும் பச்சை வெங்காயம் ஐயத்துக்குரியது. பானி பூரியின் பூரி எண்ணெயில் வெந்தது. அதன் நீரோ பச்சையானது, கையோ அதே நீரில் மீண்டும் மீண்டும் மூழ்குவது. முழுத் தர்ப்பூசணி தன் தோலுக்குள் பாதுகாப்பாயிருக்கிறது. நறுக்கி ஈ மொய்க்க வைத்த துண்டு அவ்வாறில்லை. கண்முன் சீவித் தரும் நுங்கும் இளநீரும் கத்தி தூய்மையாயிருந்தால் நல்லவை.

சர்பத்திலிடும் ஐஸைப் பற்றி ஒரு சொல். மீனுக்கென்று செய்யும் ஐஸ் பார் குடிப்பதற்கென்று செய்யப்படுவதன்று. சாக்கில் சுற்றி, தரையில் இழுத்து, மீன் பெட்டியோடு வருவது அது. குளிர் கிருமியைக் கொல்லாது, உறங்கவே வைக்கும். ஐஸ் உருகியதும் விழித்துக்கொள்ளும்.

5 முதல் 60 பாகை வரையிலான வெப்பநிலையே கிருமிகள் பெருகும் களம். நம் ஊர் வெயிலில் மூடி வைத்த சோறும் குழம்பும் அந்தக் களத்திலேயே கிடக்கின்றன. சில கிருமிகள் சோற்றிலும் பாலுணவிலும் பெருகும்போது விடும் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஆதலால் பல மணி நேரம் வெளியில் இருந்த உணவைச் சூடாக்கி நோயாளிக்குக் கொடுப்பதும் தகாது.

மருந்துக் கடையில் செய்யும் தவறு

திருவிழாவிலிருந்து திரும்பியவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் நம் வீடுகளில் நடப்பது என்ன? அருகிலுள்ள மெடிக்கலில் ‘வயிற்றுப்போக்குக்கு நல்ல மாத்திரை’ கேட்கிறோம். ஆன்டிபயாடிக் கலந்த மாத்திரை நான்கு கிடைக்கிறது. இரண்டைப் போட்டதும் நின்றுவிடுகிறது. மீதி இரண்டு அடுத்த முறைக்கு அலமாரியில் இருக்கும். உண்மையில் அந்த வயிற்றுப்போக்கு மாத்திரை இல்லாமலும் பெரும்பாலும் தானே நின்றிருக்கும். பெரும்பாலானவை வைரசாலும் தானே தணியும் கிருமிகளாலும் வருபவை.

மாத்திரை வேறொன்றைச் செய்துவிடுகிறது. குடலில் நமக்குக் காவலாயிருக்கும் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்று, உணவோடு வந்த எதிர்ப்புக் கிருமிக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. பின்லாந்தில் 430 பயணிகளிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. வயிற்றுப்போக்கும் இல்லாமல் ஆன்டிபயாடிக்கும் எடுக்காதவர்களில் 11 விழுக்காட்டினரிடம் எதிர்ப்புக் கிருமி சேர்ந்திருந்தது. வயிற்றுப்போக்கு வந்தும் மாத்திரை எடுக்காதவர்களில் 21 விழுக்காடு. வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக் எடுத்தவர்களிலோ 37 விழுக்காடு. கிருமிக்கு வாசல் உணவு என்றால், பாய் விரித்துக் கொடுப்பது தேவையற்ற மாத்திரை.

மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பது சட்டத்துக்கு மாறானது. வலிமை மிக்க பல ஆன்டிபயாடிக்குகள் 2014 மார்ச் முதல் ‘எச் 1’ பட்டியலில் உள்ளன. அவற்றை விற்கும்போது மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருந்துக் கடைக்காரர் சீட்டுக் கேட்டால் சினம் கொள்ளாதீர்கள். அவர் உங்களுக்கு நன்மை செய்கிறார்.

வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து உப்புச் சர்க்கரைக் கரைசல். 1971இல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகாலனபிஸ் இக்கரைசலைக் கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்த அளவு நீரில் முழுவதும் கரையுங்கள். கிடைக்காவிடில், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்கலாம். மலத்தில் இரத்தம், விடாத காய்ச்சல், ஓயாத வாந்தி, சிறுநீர் குறைதல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலும், காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். ஆன்டிபயாடிக் தேவைப்படும் நேரமும் உண்டு. அதை முடிவு செய்வது மருத்துவராயிருக்கட்டும்.

நோயாளியின் துணைக்கு இருப்போருக்கு

இவ்விதழைப் படிப்போரில் பலர் கட்டிலருகே இருப்பவர்கள். மாலையில் வாயிலுக்கு வெளியே சென்று தட்டுக்கடையில் பசியாறிவிட்டு வார்டுக்குத் திரும்புகிறீர்கள். அதை நாங்கள் குறை கூறவில்லை. துணைக்கு இருப்போர் உண்ணாமலிருக்க இயலுமா? ஆனால் உங்கள் உடலில் வாளாவிருக்கும் கிருமி, நோயாளியின் உடலில் அவ்வாறு இராது. கீமோ மருந்து பெறுவோர், சிறுநீரகம் மாற்றப்பெற்றோர், கல்லீரல் சுருக்க நோயாளிகள், கட்டுப்படாத சர்க்கரை உள்ளோர், குறைமாதக் குழந்தைகள், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நெடுநாள் உட்கொள்ளும் முதியோர் ஆகியோருக்கு இடர் மிகுதி. ஆதலால் இவற்றைக் கேட்டுக்கொள்கிறோம்:

• வெளியிலிருந்து வந்ததும், கழிவறை சென்று வந்ததும், நோயாளிக்கு ஊட்டும் முன்பும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். சிறுநீர்ப் பையையோ குழாயையோ தொடும் முன்னும் பின்னும் கழுவுங்கள்.

• வெளிக்கடைச் சட்னி, பச்சைக் காய்க் கலவை, நறுக்கிய பழம், பழச்சாறு, ஐஸ் ஆகியவற்றை நோயாளிக்குக் கொடுக்க வேண்டாம். வாழைப்பழம், ஆரஞ்சு போன்றவற்றைக் கழுவி, கட்டிலருகே உரித்துக் கொடுங்கள்.

• வெளியில் நீங்கள் உண்ணும்போது ஆவி பறப்பதைத் தேர்ந்தெடுங்கள். சட்னிக்குப் பதில் கொதிக்கும் சாம்பார் கேளுங்கள். அச்சிட்ட செய்தித்தாளில் வைத்துத் தந்தால் இலையில் கேளுங்கள்.

• வீட்டில் மீந்த ஆன்டிபயாடிக்கை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள். மருத்துவர் எழுதியதைச் சொன்ன நாள் வரை சொன்னபடி உட்கொள்ளுங்கள்.

• குழந்தைகளுக்கு டைபாய்டு தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

கோயில் பிரசாதத்தையும் அந்தோணியார் கோயில் அசனச் சோற்றையும் நோயாளிக்கென்று பொட்டலம் கட்டிக் கொண்டுவருவோர் உண்டு. அந்த அன்பை நாங்கள் மதிக்கிறோம். அசனம் அங்கே சூடாக உண்பதற்குரியது. அங்கேயே உண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிப் பேருந்தில் பல மணி நேரம் வந்த சோற்றைக் கட்டிலில் கிடப்பவருக்குக் கொடுக்க வேண்டாம். அவருக்காக ஒரு கல்கண்டு கொண்டுவந்தால் போதும்.

கடை நடத்துவோரும் நம்மவரே

தட்டுக்கடை நடத்தும் ஒரு பெண்மணி எங்களிடம் சிகிச்சைக்கு வந்தார். கை சுத்தம், பாத்திர சுத்தம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டே போக, பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிதான் சார். தட்டு கழுவ ஒரு நாளைக்கு நாலு குடம் தண்ணி வேணும். அதுக்கு நான் எங்க போவேன்?” என்றார். எங்களிடம் விடை இல்லை. அறிவுரையால் குடம் நிறையாது. கூட்டம் கூடும் இடத்தில் குழாயும் கழிவறையும் கழிவுநீர் வழியும் அமைத்துக் கொடுப்பது உள்ளாட்சியின் கடமை. அவற்றைக் கேட்டுப் பெறுவது நம் எல்லோருடைய உரிமை. அதுவரை அவரால் இயன்றவையும் உண்டு. கழுவும் தட்டுக்குப் பதில் வாழை இலை, பணம் வாங்கும் கையால் உணவைத் தொடாமை, சட்னியைச் சிறிது சிறிதாக அரைத்தல், குடிநீரைக் கொதிக்க வைத்தல் ஆகியவை. அடுத்த முறை வந்தபோது இலைக்கு மாறிவிட்டதாக அவர் கூறினார். வாடிக்கையாளர்கள் அதை விரும்பினார்களாம்.

2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்தெதிர்ப்புக் கிருமிகளே நேரடிக் காரணமாக உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிட்டுள்ளார்கள். புதிய ஆன்டிபயாடிக்குகள் அரிதாகவே வருகின்றன. இருப்பவற்றைக் காப்பதே இன்று எங்களால் இயன்ற பெரும் மருத்துவம். அதில் பாதிப் பணி உங்கள் வீட்டு அடுப்பிலும் கை கழுவும் இடத்திலும் நடைபெறுகிறது.

அந்தத் தாயார் இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை சர்க்கரைப் பரிசோதனைக்கு வருகிறார். சென்ற முறை மகன் உடன் வந்திருந்தார். வழியில் ஒரு கடையில் வடை வாங்கினாராம். “சட்னி வேண்டாம்னு சொல்லிட்டேன், டாக்டரய்யா” என்றார். தாயார் குறுக்கிட்டு, “சூடாத்தான் இருந்துச்சு” என்றார்.